சாவிப் பலகைக்குத் திரை போட்டவர்

எண்பதுகளில் ஒரு மழை நாள். வில்லியனூர் லாட்ஜ் ஒன்றில் அறை கேட்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பூரணாங்குப்பத்து மீன்காரப் பெண் ஒருத்தி, மீன்கூடையும் கைக்குழந்தையுமாக.

"ரூம் காலி இல்லம்மா" என்றார் முதலாளி, தலை நிமிராமல்.

அவள் அவருக்குப் பின்னாலிருந்த பலகையைப் பார்த்தாள். "அப்போ இத்தினி சாவி இன்னாத்துக்குத் தொங்குது?"

"அதெல்லாம் ரிப்பேரு. கூடைய வெளிய வை, நாறுது."

அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். முதலாளி அதே பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க மேல போங்க சார்."

வாங்காமல் நானும் இறங்கிவிட்டேன்.

பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனபோது மகானுபாவர் திருந்தியிருந்தார். பலகைக்குப் பூப்போட்ட திரை மாட்டியிருந்தார்.

இன்று டவுன் ஓட்டலில் அறை கேட்டேன். "ஃபுல் சார்" என்றார்கள், கம்ப்யூட்டரைப் பார்த்து. உங்களில் யாருக்காவது அதை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார்களா?