கம்பத்தின் மேல் ஒட்டிய பெயர்கள்

எங்கள் சங்கத்தின் பறவை இதழ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணூறு உறுப்பினர்களுக்குத் தபாலில் போகிறது. பின்னட்டையில் முகவரி ஒட்டுகிறவர் லேபிள் அக்கா. பதினாறு வருடமாக அதே ஜன்னலோர மேசை, அதே பசை டப்பா. தொலைநோக்கியை ஒருநாளும் தொட்டதில்லை. "எனக்கும் எண்ணூறு பறவை தெரியும். எது வீடு மாறிச்சு, எது தனியாச்சு, எல்லாம் தெரியும்" என்பார். உறுப்பினர் யாராவது இறந்துபோனால் அந்த லேபிளைக் கசக்கிப் போட மனம் வராது. மேசை இழுப்பறைக்குள் அது தங்கிவிடும்.

அந்த இதழின் முன்னட்டையில் ஒரு கொண்டலாத்தி. இடிந்த சுவரின் பொந்துக்கு முன்னால் கொண்டையை விரித்து, அலகில் புழுவோடு. இந்தப் பக்கம் அது கூடு வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை கூடு இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை என்பது இதழின் விதி. சொன்னால் கேமராக்கள் சூழ்ந்துகொள்ளும், இரையோடு வரும் பறவை பொந்தை நெருங்கப் பயப்படும், உள்ளே குஞ்சுகள் பசியில் கிடக்கும். அதனால் ஊர், தெரு எதுவும் வராமல் நானும் இதழாசிரியரும் வரிக்கு வரி பார்த்திருந்தோம். பக்கங்களை வடிவமைப்பது என் வேலை.

அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்திறங்கிய மதியம், அக்கா முதல் பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடியே இருந்தார். விரல் நுனியில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, இது எங்க பஸ் ஸ்டாப் பின்னாடி இருக்குற சுவரு."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"கம்பத்துல நம்பர் இருக்கே."

பறவைக்குப் பின்னால், மங்கலாக ஒரு விளக்குக் கம்பம். அதில் வெள்ளைப் பெயிண்டில், தெருவையே காட்டிக்கொடுக்கும் எண். நாங்கள் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதழாசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குத் தபால்ல சேர்க்கணும். திரும்ப அடிக்க எங்க நேரம்? நம்ம ஆளுங்க பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கிறவங்களாச்சே."

"லேபிளப் பின்னாடிதான் ஒட்டணும்னு சட்டமா சார்?"

அக்கா ஒரு லேபிளைக் கம்பத்தின் மேல் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. பிறகு பிரிக்க வரும்படி ஓரத்தில் மட்டும் பசை தொட்டு, மாலைக்குள் மூவருமாக எண்ணூறையும் ஒட்டி, காயத் தரையில் பரப்பினோம். அறை முழுக்கக் கொண்டலாத்திகள். ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் பெயர், ஒரு தெரு. எண்ணூறு முகவரிகளில் ஒரே பறவை ஒரே நேரத்தில் இறங்கியிருந்தது.

நான்காம் நாள் தொலைபேசி ஓயவில்லை. பல் டாக்டர் ஒருவர் அக்காவையே கேட்டு வாங்கிப் பேசினார். குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"அட்டைய இப்படிக் கெடுத்துட்டீங்களேம்மா."

"கை தடுமாறிடுச்சு டாக்டர்."

"எல்லாருக்குமா? எண்ணூறு தடவையா தடுமாறிச்சு?"

"ஒரே தடவதான் டாக்டர். கொஞ்சம் நீளமாயிடுச்சு."

அதன்பின் தினமும் காலையில் பசை டப்பாவைத் திறக்கும்போது, "குஞ்சுச் சத்தம் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்வார். பொந்துப் பக்கம் திரும்பாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவர்போலக் காதை மட்டும் கொடுத்துவிட்டு வருவாராம்.

மூன்றாவது வாரம் ஒருநாள் டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னைக்குச் சத்தம் இல்ல."

நான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன். அக்கா தொடர்ந்தார்.

"எதிர்க் கம்பியில நாலு உக்காந்திருக்கு. ஒண்ணுக்கு இன்னும் கொண்டைய மடக்கத் தெரியல."

பிறகு அக்காவே தொலைபேசியை எடுத்துச் சுழற்றினார். "டாக்டர், அந்த இதழைக் கையில எடுங்க. இப்ப லேபிளப் பிரிச்சுப் பாருங்க."

மறுமுனையில் காகிதம் உரிபடும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் கம்பத்தின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கத் தொடங்கினார்.