பக்கத்து வீட்டு பேட்டரி

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வயது இருபத்திரண்டு. வீடு, ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம். அங்கே அப்போது கரண்ட் கிடையாது. டிவி வைத்திருந்தவர்கள் கார் பேட்டரியில்தான் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தார். அவருக்காகவே அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி வாங்கியிருந்தார். அவர்கள் பேட்டரியை வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கடையில் சார்ஜ் போடுவேன். மறுநாள் மதியம் கடை சாத்தியதும் கொண்டுவந்து கொடுப்பேன். அன்றைக்குத்தான் தமிழ்ப்படம்.

ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரோ திரும்பி வராத டிவி கேம் ஒன்று கடையில் கிடந்தது. அதன் உள்பாகங்களையும் ஒரு குட்டி டிவியையும் பலகைப் பெட்டிக்குள் அடக்கி, மேலே கைப்பிடி வைத்தேன். கடையில் நன்றாக ஓடியது. வெளியே கொண்டுபோனால் எட்டு டார்ச் பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, தோட்டத்து முச்சந்தி பஸ் ஸ்டாப்பில் கூட்டாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் அக்காவின் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறி இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று ஒயரை மாட்டினேன். நாலு மணி வரை ஆடினோம்.

அன்று படம் முடிகிற கட்டத்தில் அவர்கள் டிவியில் படம் சுருங்கிச் சுருங்கி அணைந்துவிட்டது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அக்காவின் குரல் கேட்டது: “ஐயோ, போச்சே!”

மறுநாள் காலையில் அக்கா, எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் படத்தின் முடிவைக் கேட்டுக்கொண்டு வந்து அண்ணனுக்குச் சொன்னார். பாதி தப்பாகச் சொன்னார். அண்ணன் சிரித்தார்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நாலைந்து வாரம் நிறுத்தவில்லை.

“பேட்டரி செத்துப்போச்சா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“பழசுக்கா. அப்படித்தான் இருக்கும்.”

எடுத்ததைவிட அந்தப் பொய்தான் என்னை அரித்தது. ஒரு நாள் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது கேமை அண்ணனிடம் கொண்டுபோனேன். வயிற்றின் மேல் தலையணை வைத்து, அதில் பெட்டியை வைத்தேன். குழந்தை மாதிரி ஆடினார். பிறகு அவர் கண் ஒயரைத் தொடர்ந்து மேசைக்கு அடியில் போனது.

“நம்ம பேட்டரியிலயா ஓடுது?”

“ஆமாண்ணே.”

“இன்னைக்கு மட்டுமா?”

நான் குனிந்து ஒயரைக் கழற்றினேன். அண்ணன் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“அவகிட்ட சொல்லிடாதலா. இந்த லயத்துல நம்பக்கூடிய ஆளு நீ ஒருத்தன்தான்னு சொல்லிக்கிட்டிருக்கா. அதையும் கெடுத்துறாத.”

அன்றே ஒயரை அறுத்தேன். அடுத்த வாரம் படம் கடைசிவரை ஓடியது. “தம்பி என்னமோ பண்ணி சரியாக்கிட்டான்” என்று அக்கா லயம் முழுக்கச் சொன்னார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் அவர்கள் சுங்கை பெசாரிலிருந்த அக்காவின் தம்பி வீட்டுக்குக் குடிபோனார்கள். புறப்படும்போது அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்” என்றார். வேனுக்குள் கிடந்த அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.