நெட்டி டொக்டர் கேட்ட கேள்வி

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பண்டாரவளையில் குடையை விரித்தாலும் மடக்கினாலும் ஒன்றுதான் என்கிற தூறல். எதிர்ப்பக்கத்து மலை தெரியவில்லை. மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடி அறைக்கு என் மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு படிகள். முதல் சனிக்கிழமை வந்தபோது நான்கு இடத்தில் நின்று ஏறினாள். இரண்டாம் சனிக்கிழமை ஒரே இடத்தில் நின்றாள். அன்றைக்கு ஒன்பது இடத்தில் நின்றாள். படியையும் நின்ற இடத்தையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

நான் முப்பத்து மூன்று வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்தவன். எண்ணுவது தொழிலோடு ஒட்டிய பழக்கம். ஓய்வு பெற்ற பின்னும் போகவில்லை. “சோத்துப் பருக்கைய எண்ணிட்டுத்தான் வாயில வைப்பாரு” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்லுவாள். அவள் கொழுந்து பறித்தவள். முப்பத்தொரு வருடம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலை ஏறினால் முதுகில் பாரம் இல்லாத நேரம் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். அந்த முதுகு ஓய்வு பெற்று, பதுளை நகருக்கு வெளியே நாங்கள் கட்டிய சிறு வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசத் தொடங்கியது. ஒக்டோபர் மாதம் ஈரத்துணி நிறைந்த பேசினைத் தூக்கப் போனவள் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டாள். நிமிர்த்தி உட்கார வைக்கப் பத்து நிமிடம் பிடித்தது.

எண்ணெய் பூசினோம். சிங்கள வெதமாத்தயா ஒருவர் இலை அரைத்துப் பற்றுப் போட்டார். ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்து, பாரம் தூக்காமல் ஓய்வாக இருந்து, ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் பொறுக்காதது அவள் இல்லை. நான்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற லொறிச் சாரதி ஒருவர் இருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்தான் முதலில் சொன்னார்.

“இன்னும் எத்தன போத்தல் எண்ண பூசுவீங்க மாஸ்டர்? நெட்டி டொக்டருகிட்ட கூட்டிட்டுப் போங்க. என்னைய நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. மூணாவது வாட்டி நானே லொறிய ஓட்டிட்டுப் போனேன்.”

உள்ளேயிருந்து அவருடைய சம்சாரம் குரல் கொடுத்தார். “ஓட்டிட்டுப் போயி மதில்ல இடிச்சாரு. அதையும் சொல்லச் சொல்லுங்க.”

“இடிச்சது பிரேக்கு. முதுகு இல்ல.”

விரலை மடக்கிச் சொடுக்கினால் நெட்டி முறிகிறது என்போம். அந்த மனிதர் முதுகெலும்பில் அதே சத்தத்தை வரவழைப்பார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். வாசல் பலகையில் இருந்த பட்டத்தை யாராலும் வாய்க்குள் நுழைக்க முடியாததால் நம் ஆட்கள் நெட்டி டொக்டர் என்று வைத்துவிட்டார்கள்.

வெளி அறையில் பதினொரு பிளாஸ்டிக் கதிரைகள். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அங்கே கேட்ட கதைகளை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கொஸ்லந்தையிலிருந்து வந்த பெண்ணொருத்திக்குக் கழுத்துத் திரும்பாமல் இருந்து இப்போது திரும்புகிறதாம். “இனி மாமியா எந்தப் பக்கத்துல இருந்து ஏசினாலும் திரும்பிப் பாக்கலாம்” என்றாள். மொனராகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் அதற்குச் சிரிக்கவில்லை. “நான் எட்டு வாட்டி வந்துட்டேன். வலி வச்ச இடத்துல அப்படியே இருக்கு. ஆனா இங்க வந்துட்டுப் போற அன்னிக்கு நல்லாத் தூங்குறேன். தூக்கத்துக்குத்தான் காசு குடுக்குறேன்னு வச்சுக்கங்க.” இன்னொருவர், தன் தம்பிக்கு இப்படி முறிக்கப்போய்க் கை இழுத்துக்கொண்டது என்றார். எங்கே என்று கேட்டதற்கு, இங்கே இல்லை, வேறோர் இடத்தில் என்றார். நல்லது சொன்னவர் ஒருவர், கெட்டது சொன்னவர் ஒருவர், இரண்டும் இல்லாதவர் ஒருவர். பக்கத்து வீட்டு வேலிக்காரரையும் சேர்த்தால் நல்லது இரண்டு. நான் பெரும்பான்மை பார்த்து உள்ளே போனேன்.

முதல் நாள் ஐந்து சத்தம். இரண்டாம் நாள் ஏழு. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் “ஆத்தே” என்றாள். இரண்டாம் நாளுக்கு மறுநாள் தீபாவளி. அவள் எழுந்து, அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து முறுக்குச் சுட்டாள். நூற்று நாற்பத்திரண்டு முறுக்கு. உடைந்தவற்றை நான் சேர்க்கவில்லை. “எந்திரிக்கிறப்போ பிடிக்கல பாருங்க” என்று என்னிடம் இரண்டு முறை எழுந்து காட்டினாள். ஒரு வருடத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த மனிதரிடம் போனதே தப்பு என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

புதன்கிழமை வலி திரும்பி வந்தது. முன்பு ஒரு காலில் இறங்கியது இப்போது இரண்டு காலிலும் இறங்கியது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிச் செய்தி தொடங்கும்போது, கதவில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்:

“ஏங்க, கீழ மதமதன்னு இருக்கு.”

“கால மடிச்சுப் போட்டு உக்காந்திருப்ப. சரியாப் போயிரும். விடிஞ்சா சனிக்கிழமைதானே.”

 அவள் உள்ளே போய்விட்டாள்.

நாற்பத்து நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்த பெண்ணின் பேச்சு எனக்குத் தெரியாதா என்ன? மாதவிலக்கை அவள் ஒருநாளும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. பிள்ளைப்பேற்றின்போது தையல் போட்டதைக்கூட “கீழ தச்சிருக்கு” என்றுதான் சொன்னாள். காலைச் சொல்ல வேண்டுமானால் கால் என்றே சொல்லியிருப்பாள். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு நான் செய்திக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள்தான் அந்த ஒன்பது இடத்தில் நின்ற படிகள். மேலே பதினொரு கதிரையும் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு பேர் “சேர், உக்காருங்க சேர்” என்று எழுந்தார்கள். இருவரும் என்னிடம் படித்தவர்கள். ஒருவன் இப்போது வங்கியில் இருக்கிறான். அவர்களுக்கும் உள்ளே படுக்கை இருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

நெட்டி டொக்டருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். நடுவில் நான். என் சிங்களம் நல்ல சிங்களம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வலி இரண்டு காலுக்கும் வந்துவிட்டது என்று சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். சிறுநீர் போவதில், மலம் போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் இடத்தில், தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, இதை அம்மாவிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது.

“என்னங்க கேக்குறாரு?” என்றாள் அவள்.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். “வலி எப்படி இருக்குன்னு கேக்குறாரு” என்றேன்.

“கீழ மதமதன்னு இருக்குன்னு சொல்லுங்க.”

கால் சில நேரம் மரத்துப்போகிறதாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் விடவில்லை. மற்றது? சிறுநீர்?

“ஒக்கொம ஹொந்தாய்” என்றேன். எல்லாம் நலம் என்று அர்த்தம்.

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். அன்றைக்கு நான்கு சத்தம். அவள் ஒருமுறையும் “ஆத்தே” என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கட்டிலில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டாள். “நேத்து காலையில இருந்து ஒண்ணுக்கே போகலங்க. போகணும்னும் தோணல.” வயிறு மேடிட்டிருந்தது. வலது பாதத்தை மேலே தூக்கு என்றேன். அவள் தூக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பாதம் அசையவில்லை.

நாலே காலுக்குப் பெரியாஸ்பத்திரியில் இருந்தோம். யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண் டொக்டர் ஒருவர், என் மகளை விடச் சின்ன வயது. தடுப்பை இழுத்துவிட்டு, என்னை ஏறிட்டும் பாராமல் அவளிடமே கேட்டார்.

“அம்மா, நீங்கள் குந்தியிருக்கிற இடத்தில, முன்னுக்கு, நான் தொடுறது தெரியுதோ?”

“தெரியலம்மா. வெள்ளிக்கெழமயிலருந்தே தெரியல. அதத்தான் நான் கீழ கீழன்னு சொன்னேன்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். கேட்க ஒரு ஆள் இருந்தால் போதுமாக இருந்திருக்கிறது.

“ஏன் ஐயா வெள்ளிக்கிழமையே கொண்டு வரேல்ல?”

“காலுன்னு நெனச்சிட்டேன்.”

“முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்புக் கத்தையை நெரிக்குது. இது மணித்தியாலக் கணக்கு, ஐயா.”

வெள்ளி மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை நாலே கால் வரை நாற்பத்தாறே கால் மணித்தியாலம். அந்த இடத்தில் நின்றபடியே கணக்குப் போட்டேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. உடனே ஆம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலையில் முதுகைத் திறந்தார்கள்.

உயிர் இருக்கிறது. வலியும் முன்பு போல் இல்லை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுப்படி வாசல் வரை பதினான்கு அடி போகிறாள். வலது பாதம் இழுபடும். சிறுநீருக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை குழாய் போட வேண்டும். முதலில் தாதியொருவர் வந்து போட்டார். இப்போது நான் போடுகிறேன். அந்தச் சொல்லைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஒருமுறை சொல்லக் கூசிய நான் போடுகிறேன்.

ஜனவரியில் நெட்டி டொக்டரோடு சண்டை போடப் போனேன். வேலிக்காரரும் வந்தார். “நீங்க பேசுங்க மாஸ்டர், நான் மேசையத் தட்டுறேன்” என்றார். அவரைக் கீழேயே நிறுத்திவிட்டு ஏறினேன். நான் சொன்னதை அந்த மனிதர் கடைசி வரை கேட்டார்.  பிறகு இரும்பு அலுமாரியைத் திறந்து அவளுடைய அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். நவம்பர் 18 என்ற தேதிக்கு நேரே சிங்களத்தில் எழுதியிருந்தது. சிறுநீர், மலம், உட்காரும் இடத்து உணர்ச்சி: குறை இல்லை. அடைப்புக்குள், கணவர் சொன்னபடி.

“இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன், மாஸ்டர். அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.” அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் கைதான் அதைச் செய்ததா, அல்லது பேசினைத் தூக்கிய அன்றே தொடங்கியதா என்று கண்டி டொக்டர்களும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் என்பதை மட்டும் எல்லாரும் ஒன்று போலச் சொன்னார்கள்.

இருபத்திரண்டு படியும் இறங்கினேன். “நல்லாக் குடுத்தீங்களா?” என்றார் வேலிக்காரர். குடுத்தேன் என்றேன். வழியெல்லாம் அவர் என்னைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் அதை யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிறு பின்னேரம் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“அன்னிக்கு அந்த நெட்டி டொக்டரு என்னமோ நீளமா கேட்டாரே. ரெண்டு வாட்டி கேட்டாரு. நீங்க வலி எப்படின்னு கேக்குறாருன்னு சொன்னீங்க. வலியக் கேக்க அவ்வளவு நீளமா வேணும்?”

சொன்னேன். அவர் கேட்டதைக் கேட்டபடியே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

“வெளிய ஆளுங்க இருந்தாங்களா?”

“பதினொரு பேரு. அதுல ரெண்டு எங்கிட்டப் படிச்ச பயலுக.”

“என் காதுல கேட்டிருக்கலாமேங்க. குனிஞ்சு, மெதுவா.”

 அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. அந்தப் பக்கம் பார்த்தபடியே, கடையிலிருந்து வந்தவனைக் கேட்பது போலக் கேட்டாள்.

“எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பீங்களே. இதுவரைக்கும் என் வைத்தியத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?”

கொப்பியை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

“மூணு லட்சத்து நாப்பத்தாறாயிரத்து இருநூத்திப் பதினஞ்சு ரூவா.”