மஞ்சள் ஸ்டிக்கர் நாடு

எங்கள் பேக்கிங் பிரிவில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். தைத்து முடித்த சட்டைகள் அட்டைப்பெட்டிகளில் வரும்; எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நிற ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. பக்கத்து மேசையில் டேப் ஒட்டுவது நான். ஜெர்மனி நீலம், ஜப்பான் சிவப்பு, கனடா மஞ்சள். எங்களுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் பள்ளியிலும் உலகப்படம் இருந்தது. பிள்ளைகள் கை பட்டால் கிழிந்துவிடும் என்று பீரோவின் மேல் சுருட்டி வைத்திருந்தார்கள். தேர்வில் படத்துக்கு ஐந்து மார்க், விட்டாலும் பாஸாகலாம் என்று டீச்சரே சொன்னார். விட்டோம். பிறகு எந்த முதலாளியும் எங்களிடம் கனடா எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

அக்காவின் ஒரே மகனுக்கு அங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். மஞ்சள் நல்ல இடம்தான், அங்கே போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

காலையில் கேட்டிலேயே எங்கள் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் கைக்கு வரும். காலையில் வேன் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மாலையில் அவன் வேலையில் இருப்பான். அதனால் தினமும் ஒரு மணிக்கு அழைப்பாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். அவள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள், அவன் கேட்டுக்கொண்டே கொட்டாவி விடுவான். பட்டப்பகலில் என்னடா தூக்கம், வெளிநாட்டு வாழ்வு கொழுப்பேற்றிவிட்டதா என்று அவள் கேலி செய்ய, நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம்.

ஒரு நாள் தன் நெஞ்சுவலியைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் குறட்டை கேட்டது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவனுக்கு நான் வேண்டாதவளா ஆயிட்டேன். இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

மறுநாள் காலை வேனில் அவன் அழைப்பு வந்தது. பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள். அடுத்த நாளும் அப்படியே. எடுத்துப் பேசு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அவன்மேல் ஆத்திரம். பாவி நான், சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் கிடங்கில் சரக்கு அடுக்கு சரிந்து அவன்மேல் விழுந்தது. மஞ்சள் நாட்டிலிருந்து திரும்பி வந்த முதல் பெட்டி அவன் வந்த பெட்டிதான்.

உடலோடு அவன் அறைத்தோழன் வந்திருந்தான். எல்லாம் முடிந்தபின் மகனின் போனை அக்கா கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"தினமும் மூணு மணிக்கு அலாரம் வச்சிருந்தான்மா. எங்க தூக்கம் கெடுதுன்னு திட்டுவோம். அம்மா கூப்பிடற நேரம்னு எழுந்து உட்காருவான். கடைசிப் பத்துப் பன்னெண்டு நாளும் உட்கார்ந்திருந்தான்."

"மத்தியானம் மூணா?"

"இல்லம்மா, ராத்திரி மூணு. இங்க பகல்னா அங்க ராத்திரி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டான். சொன்னா அம்மா கூப்பிடறதை நிறுத்திடுவாங்கன்னான்."

அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பி, உனக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். அன்று கனடா சரக்கு. ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது அங்கே மணி என்ன என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். அது உனக்கு எதுக்கு, ஒட்டு என்றார். அவருக்கும் தெரியாது.

ஒரு மணிக்கு போனை வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டை நான்தான் திறந்து வைத்தேன். தொடவில்லை.

"எழுந்து உட்கார்ந்திருந்தானேடி," என்றாள். "நான் கூப்பிடவே இல்லையே."