வெயிலில் நின்ற லாரிகள்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கண்ணாடி அறையில் நான் ஒருவன்தான். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் என்னைத் தேடுவார்கள்.

ஒருநாள் காலை ஆன்டிவைரஸ் போட்டேன். எந்த ஃபைலைத் திறந்தாலும் அந்த நொடியே சோதிக்கும்படி மொத்த டிஸ்க்கையும் அதன் கண்காணிப்பில் வைத்தேன். லாரிகள் உள்ளே வரத் தேவையான கேட் பாஸ் அச்சாகும் ஃபோல்டருக்கு விலக்கு கொடுக்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு பாஸுக்கும் அங்கே நூற்றுக்கணக்கான ஃபைல்கள் திறக்கும். ஒரு பாஸ் அச்சாகப் பத்து நிமிடம் ஆனது. மதியத்துக்குள் லாரிகள் எண்ணூர் சாலை வரை வெயிலில் நின்றன.

காரணம் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற டிரைவர் ஒருவர் டீயோடு உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மெஷின் மக்கர் பண்ணா நீ இன்னா பண்ணுவ நைனா? சாப்ட்டியா?"

"இல்லண்ணே."

"மொதல்ல இத்த குடி."

குடித்தேன். அப்போதுதான் அந்த ஃபோல்டர் நினைவுக்கு வந்தது. தவறு என்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் போனபின் விலக்குக்கு ஒரே ஒரு வரி சேர்த்தேன். பாஸ்கள் மளமளவென்று வந்தன. மனசு கேட்காமல், அவரிடம் உண்மையைச் சொல்ல கேட்டுக்கு ஓடினேன். அவர் லாரி கிளம்பியிருந்தது.

அந்த யார்டில் இரண்டு வருடம் இருந்தேன். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டவர், நான் வெயிலில் நிறுத்திவைத்த அந்த டிரைவர் மட்டும்தான்.