பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்தது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'கரிக்கை' என்று பெயர். நிக்கல் சல்ஃபைடு கலவையில் ஊறிக் கறுத்த அவள் விரல்கள் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

சாயத்தால் வெயிலை உறிஞ்சி மின்சாரமாக்கும் சூரிய மின்கலத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கும். ஒன்றில் சாயம். எதிர்த் தகட்டில் பிளாட்டினம். யானை விலை விற்கும் அந்தப் பூச்சைத் தூக்கியெறிந்துவிட்டு, மலிவான கறுப்புப் படலம் ஒன்றை வைத்தே அதே வேலையை வாங்கிக்காட்டுவது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். இளமை இதிலேயே போயிற்று. பூசிய படலம் உரிந்தது, வெடித்தது, தகடுகளுக்கு நடுவே ஊற்றும் அயோடின் கரைசலில் கரைந்து காணாமல் போனது.

பஸ் ஓட்டும் கணவன் கிண்டலடிப்பான்: "நானாவது ஊரைச் சுத்திட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்றேன். நீ கிளம்பவே இல்லையே!"

ஒரு மழைக்காலத்தில் புதுக் கண்ணாடி வந்துசேரத் தாமதமானது. பழைய சோதனைத் தகடுகளை அமிலத்தில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, அவற்றிலேயே படலத்தைப் பூசினாள். மின்கலம் பிளாட்டினத்துக்குச் சமமாக நின்றது. நம்பாமல் திரும்பத் திரும்ப அளந்தாள். மாறவில்லை. கட்டுரை வெளியானது. துறைத் தலைவர் கேக் வாங்கிவந்தார். அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு புதுக் கண்ணாடி வந்தது. அதே படலம், அதே கை. மின்கலம் மூச்சே விடவில்லை. கலவையைச் சந்தேகப்பட்டாள், அடுப்பைச் சந்தேகப்பட்டாள். கடைசியில், கழுவிய பழைய தகடு ஒன்றைப் படலமே பூசாமல் வெறுமனே வைத்துப் பார்த்தாள். மின்கலம் ஜம்மென்று வேலை செய்தது.

பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அந்தத் தகடுகளில் முன்பு பிளாட்டினம் பூசியிருந்தார்கள். எவ்வளவு தேய்த்தும் கண்ணுக்குத் தெரியாத துளி மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உழைத்ததெல்லாம் அதுதான். அவள் படலம் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

துறைத் தலைவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். "கழுவின கண்ணாடின்னு கட்டுரையில எழுதியிருக்கோமா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா? யார் வந்து கேக்கப்போறாங்க? விடுங்க."

"எங்கயோ ஒருத்தர் இதை நம்பிச் செஞ்சு பார்த்துட்டு, நாம என்ன தப்பு பண்றோம்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருப்பாரு சார்."

"இந்த வேலையையே மூடிடுவாங்கம்மா."

"தெரியும் சார்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவர் சொன்னபடியே வேலையை மூடினார்கள். மூடும்வரை புதுக் கண்ணாடியில் பூசிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஏதாவது அற்புதம் நடக்குமா என்று ஒரு நப்பாசை. நடக்கவில்லை. அறையைக் காலி செய்தபோது, இந்த மாதிரித் தகடே தேவைப்படாத வேறு வகை மின்கலத்துக்காரர்கள் பெட்டிகளோடு வாசலில் நின்றார்கள்.

கணவனிடம் சொன்னாள். அவன் கிண்டலடிக்கவில்லை. "அப்போ நீ பூசினது எதுக்குமே ஆகலையா?"

"ஆகல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

இப்போது குடிநீரைச் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். குழாயைத் திறந்து, பாட்டிலை நிரப்பி, உப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதினால் தீர்ந்தது. தப்பாகப் போக அங்கே எதுவும் இல்லை. சரியாக வரவேண்டியதும் எதுவும் இல்லை. மாலையில் கணவன் கேட்பான், "இன்னைக்கு எப்படிப் போச்சு?"

"போச்சு" என்பாள்.