கிள்ளானில் எடுத்த இரண்டாவது சுருள்

ஜப்பான்காரன் காலத்தில் நானும் என் சிநேகிதனும் சேர்ந்து ஒரு சினிமாப் படம் எடுத்தோம். மொத்தமும் ஓடினால் ஏழெட்டு நிமிடம்கூட வராது. பேச்சில்லை, பாட்டில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அத்தான், அக்காவின் கணவர், போட்டோக் கடை வைத்திருந்தார். படங்களில் விழும் புள்ளிகளையும் கீறல்களையும் பென்சிலால் திருத்துவது என் வேலை. சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு தோட்டத்துத் துரை, கையடக்கமான சினிமாக் கேமரா ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. கேமராவோடு புதுச் சுருள்கள் இரண்டு இருந்தன. ஜப்பானியர் கண்ணில் பட்டால் வம்பு என்று அத்தான் எல்லாவற்றையும் பழைய திரைச்சீலைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

என் சிநேகிதன் ரயில்வேயில் குமாஸ்தா. நாடகம் எழுதுகிற பைத்தியம் அவனுக்கு. அந்த நாட்களில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஓடும் அஞ்சடி முழுக்க ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். பால் மரம் சீவுவது நின்றுபோன தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், புருஷனை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனதால் குழந்தைகளோடு நின்ற பெண்கள். காலையில் வேலைக்குப் போகும்போது அவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துத்தான் அவன் நடக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் கடைக்கு வந்து சொன்னான். "இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கப் போறதில்லடா. அந்தக் கேமராவுல நாம எடுத்து வைப்போம்."

"கழுவ மருந்து எங்க இருக்கு? யாருக்குப் போட்டுக் காட்டுவ?"

"சண்டை முடிஞ்சா கழுவிக்கலாம். எடுக்கிறத இப்பதானே எடுக்க முடியும்?"

அத்தான் முதலில் திட்டினார். பிறகு, கடைக்குப் பத்து அடிக்கு அப்பால் கேமராவைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி, அஞ்சடியில் ஒருவர் படுப்பார். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாகப்பட்டினத்துக் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். வெள்ளைக்காரன் ஓடி, ஜப்பான்காரன் வந்து சேராத அந்த இடைவெளியில் கடையைச் சூறையாடித் தீ வைத்துவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை ஊரில். கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. பாசாரில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படுப்பார். யாரோடும் அதிகம் பேச மாட்டார். படத்தில் நடிக்க வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்டோம்.

"என்ன நடிக்கணும்?"

"ஒண்ணும் வேணாம் நானா. தினமும் படுக்கிற மாதிரி படுத்தா போதும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இந்தப் படம் ஊருக்குப் போகுமா?"

"தெரியாது நானா."

"படம்னா எங்கயாவது போகத்தான் செய்யும். என் மவன் பாத்தான்னு வைங்க? வாப்பா இப்படி ரோட்டுல கெடக்குறத அவன் பாக்கணுமா?"

சிநேகிதன் விடவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். முதல் சுருளில் நானா அஞ்சடியில் படுத்திருப்பார், ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டாவது சுருளில் அவர் சொல்கிறபடி நாங்கள் எடுக்க வேண்டும்.

அந்தச் சுருளுக்கு நல்ல வெயில் இல்லாமல் எதுவும் பதியாது. அதனால் இரவில் படுக்க இடமில்லாதவர்களைப் பற்றிய படத்தை நட்டநடுப் பகலில் எடுத்தோம். அஞ்சடியின் வெளியோரத்தில், வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் நானா சாக்கை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் கேமராவைத் துணிப்பைக்குள் வைத்து, ஒரு பக்கத்து ஓட்டை வழியாக எடுத்தேன். சிநேகிதன் முனையில் நின்று ஜப்பானிய சிப்பாய் வருகிறானா என்று பார்த்தான். நானாவின் முதுகு ஏறி இறங்கியதை மட்டும் நெடுநேரம் எடுத்தேன்.

இரண்டாவது சுருளுக்கு நானா கேட்டது கோட்டு. எங்கள் கடையில் ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. படமெடுக்க வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்காக வைத்தது. முன்பக்கம் பளபளவென்று இருக்கும், பின்பக்கம் பூச்சி அரித்துக் கிழிந்து தொங்கும். நானா முகம் மழித்து, தொப்பி வைத்து, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை.

"வீடில்லாதவன் கதைல கோட்டு எங்கடா வருது?" என்று சிநேகிதன் என் காதில் முணுமுணுத்தான்.

"சொன்ன சொல்லு லா. பேசாம வா," என்றேன்.

அத்தானுக்குச் சொல்லாமல் மூவரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். கோட்டின் கிழிசல் தெரியாமலிருக்க நானா வழி முழுக்க முதுகைப் பலகையில் ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கடை இருந்த இடத்தில் கருகிய சுவரும் இரண்டு தூணும் நின்றன. தூணுக்கு இடையில் ஒரு சீனர் மரவள்ளிக் கிழங்கைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். நானா அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, கதவு இருந்த இடத்தில் போய் நின்றார். நான் பைக்குள்ளேயே கேமராவை முடுக்கினேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவோடு போன ஒரு மலாய்க்கார அம்மாள் நின்றுவிட்டார். "தவுக்கே!" என்று கூவிக்கொண்டு கிட்டே வந்தார். முதலாளி என்றுதான் நானாவை அந்த ஊரில் கூப்பிட்டிருக்கிறார்கள். கடையை எப்போது திறக்கப் போகிறீர்கள், பெருநாளுக்குச் சட்டைத் துணி எடுக்க இடமே இல்லை என்று அந்த அம்மாள் மலாயில் சொல்ல, நானா வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் திறந்துவிடுவேன், சரக்கு வந்துகொண்டிருக்கிறது, உங்களுக்கென்று பூப்போட்ட துணி எடுத்துவைக்கிறேன் என்றார். கைகளை விரித்துத் துணியின் அகலம் காட்டினார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் விடைபெற்றுப் போகும்வரை முதுகைத் திருப்பாமல் நின்றார். சுருளும் தீர்ந்துவிட்டது.

திரும்பும் ரயிலிலும் நானா முதுகைப் பலகையில் ஒட்டிவைத்தே வந்தார். கடைக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார்.

"படம் கெட்டுப்போச்சுடா," என்றான் சிநேகிதன். சற்றுக் கழித்து, "இல்ல, இதுதான் படமோ என்னவோ," என்றான்.

அதைப் பற்றி உட்கார்ந்து பேச எங்களுக்கு வாய்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவனைக் கணக்கு எழுத சயாமுக்கு அனுப்பினார்கள். ரயில்வே ஆளாயிற்றே, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனோடு போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, அவன் வாந்திபேதியில் போய்விட்டான் என்று அவன் அம்மாவிடம் சொன்னார்.

சண்டையின் கடைசி வருஷத்தில் நானாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அரிசி இல்லாமல் கிழங்கையே தின்றவர்களுக்கு வந்த வீக்கம்தான். கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை கஞ்சியும் ஒரு கைலியும் கொண்டுபோனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். பள்ளிவாசல்காரர்கள் வந்து அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார்கள்.

ஜப்பான்காரன் போன பிறகு சுருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கழுவி வாங்கினேன். முதல் சுருள் முழுக்கப் புகைமூட்டம். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்த தகர டப்பாவின் சூடு அதைத் தின்றுவிட்டிருந்தது. அஞ்சடி இல்லை, சாக்கு இல்லை, அந்த முதுகு இல்லை. கிள்ளான் சுருளில் மட்டும் பாதி பிழைத்திருந்தது.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாலிபன், பள்ளிவாசலில் விசாரித்துக்கொண்டு வந்தான். நானாவின் மகன். ஒரு கிளப்பிலிருந்து படம் ஓட்டும் மெஷினை இரவல் வாங்கி, கடையின் வெள்ளைச் சுவரில் படத்தை ஓட்டினேன். கைகளை விரித்துச் சிரித்துப் பேசும் மனிதரை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இவங்கதான் எங்க வாப்பாவா?" என்றான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் கப்பலேறியவர். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருந்திருக்காங்க," என்றான். எனக்குத் தாங்கவில்லை. அவனை வெளியே கூட்டிப்போய், அவர் படுத்த இடத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவன் அந்தச் சிமெண்டில் உட்கார்ந்துகொண்டான்.

"எங்கள நினைச்சுப் பேசுவாங்களாண்ணே? உம்மாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

இப்படித் திரும்புங்க, அங்கே நில்லுங்க, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைங்க என்று நாங்கள் அவரிடம் எவ்வளவோ பேசியிருந்தோம். மகன் பேர் என்ன என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை. "நாங்க கேட்கல தம்பி," என்றேன்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் வரை அவனோடு போனேன். கப்பலேறும் முன் அந்தச் சுருளை அவனிடம் கொடுத்தேன். ஓட்டிப் பார்க்க அங்கே மெஷின் கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும் என்று சொன்னேன். கிடைத்ததா, அவன் உம்மா பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.